மூணு மாசம் கழியட்டும்

எங்கள் ஆச்சிக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. ஆனாலும் ஆழ்வார்திருநகரியில் எந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கு எப்போது பேறுகாலம் என்று அவளிடம் கேட்டால் சொல்லிவிடுவாள். "மார்கழி அத்யயன உற்சவத்துல ஒரு மூணு நாளு அவ கோயில் பக்கம் வரல்ல. அப்போ தூரமா இருந்திருக்கா. அதுக்குப் பெறவு ஒரு நாள்கூட விடாம வாரா. புரட்டாசி கடைசிச் சனிக்குள்ள ஆயிரும் பாரு" என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். கடைசியாகத் தீட்டுப்பட்ட நாளின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது நாற்பது வாரம் என்றுதான் டாக்டர்களும் கணக்கிடுகிறார்கள். கரு தரிப்பது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் என்றாலும் எண்ணத் தொடங்குவது அந்த நாளிலிருந்துதான். ஆச்சி ஆதிநாதர் கோயில் திருவிழாக்களை வைத்து எண்ணினாள். அவ்வளவே வித்தியாசம்.

வீட்டுக்குள் எங்களிடம் சொல்வாளே தவிர வெளியே சொல்ல மாட்டாள். "மூணு மாசம் கழியட்டும்" என்பது வீட்டுச் சட்டம். வாயைப் பொத்திக்கொண்டு ஓடி ஓடி வாந்தி எடுத்தாலும், புளிச்ச மாங்காய்க்கு நாக்கு ஏங்கினாலும், கேட்பவர்களிடம் பித்தம் என்று சொல்லிவிட வேண்டும். கண்ணேறு படும் என்று காரணம் சொல்வாள். ஆனால் கருக்கலைவில் பெரும்பகுதி அந்த முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நடந்துவிடுகிறது. ஊருக்குச் சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று மறுபடி சொல்லும்படி ஒரு பெண்ணை விட்டுவிடக் கூடாது என்ற இரக்கம் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆச்சி தானும் இரண்டு முறை அப்படி இழந்தவள். அதை அவள் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அம்மைதான் ஒருநாள் சொன்னாள்.

அதே மூன்று மாதத்துக்குள்தான் இன்று ஸ்கேன் வருகிறது. பதினொன்றாம் வாரம் தொடங்கி பதின்மூன்று வாரம் ஆறு நாள் வரை. அந்த வாசல் திறந்திருப்பது ஏறக்குறைய மூன்று வாரம்தான். அரசாங்கமும் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. நர்சம்மாவிடம் சொல்லி பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கினால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கு வழி. இப்படியாக, ஊருக்குச் சொல்லாத ஒன்றை ஒரு பெண் முதலில் அரசாங்கத்துக்கும், பிறகு இருட்டறையில் முகம் தெரியாத ஒரு டாக்டருக்கும் சொல்கிறாள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் போகிறாள். என் அண்ணன் மகள் அப்படிப் போக இருந்ததால்தான் நானும் கூடப் போனேன்.

2023 டிசம்பர். 18ஆம் தேதி திங்கள்கிழமை திருநெல்வேலியில் அவளுக்கு ஸ்கேனுக்கு நேரம் குறித்திருந்தது. முந்தின நாள் காலையிலிருந்தே மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு படித்தோம். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தாமிரபரணியின் சத்தம்தான். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறக்குறைய எண்ணூறு பேர். ஊருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ரோடு இல்லை, கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. மச்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு தெருவில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் அரிசி மூட்டையைப் பற்றிப் பேச, அவள் மட்டும் விரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பதினாலு வாரம் ஆயிட்டா அந்த ஸ்கேன் எடுக்க முடியாதாம்."

"எடுக்கலைன்னா என்னட்டி? நாங்கள்லாம் எடுத்தா பெத்தோம்?" என்று அண்ணன்தான் சொன்னான். அவள் பதில் பேசவில்லை.

ஏன் முடியாது என்று எனக்கும் அப்போது தெரியாது. பிறகு டாக்டர் சொன்னார். பிள்ளையின் தலை உச்சியிலிருந்து புட்டம் வரை அளக்கிறார்கள். கால் மடங்கியிருப்பதால் காலைச் சேர்ப்பதில்லை. அந்த நீளம் 45 மில்லிமீட்டரிலிருந்து 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதுதான் பின்னங்கழுத்துத் தோலுக்கு அடியில் தேங்கும் நீரை நம்பி அளக்க முடியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த நீர் கொஞ்சம் இருக்கும். வாரம் கூடினால் வற்றிவிடும். வற்றிய பிறகு போய் அளந்தால் ஒன்றும் தெரியாது. அதே நீளத்தை வைத்துத்தான் எத்தனை வாரம் என்பதையும் முடிவு செய்கிறார்கள். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்கின்றன, ஏழை பணக்காரன் வித்தியாசம் பிறகுதான் வருகிறது. ஹ்யூ ராபின்சன் என்ற டாக்டர் கிளாஸ்கோவில் 1973-இல் இந்த அளவை முதலில் எழுதினார்.

கிளாஸ்கோ என்றதும் எனக்குத் தூத்துக்குடி நினைவுக்கு வரும். என் சித்தப்பா அங்கே விசைப்படகில் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கூட லீவில் எங்களைப் படகைப் பார்க்கக் கூட்டிப் போவார். ஓட்டுபவர் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். எக்கோ சவுண்டர். அடியில் சத்தம் அனுப்பி, அது கடல் தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் கருவி. நடுவில் மீன்கூட்டம் இருந்தால் அதுவும் கோடாக விழும். "முந்தி முத்துக் குளிக்கிறவன் மூச்சைப் பிடிச்சு இறங்கித்தான் பார்த்தான். இப்போ சத்தம் இறங்கிப் பார்த்துட்டு வருது" என்பார் சித்தப்பா. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். அவர் சிறுவனாக அதைப் பார்த்தவர்.

அதே சத்தம்தான் வயிற்றுக்குள்ளும் இறங்குகிறது. இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று கிளாஸ்கோ பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒலி அலையை அனுப்பிப் பார்ப்பார்கள். அங்கே பேராசிரியராக இருந்த மகப்பேறு டாக்டர் இயன் டொனால்ட், 1955-இல் அறுவை செய்து எடுத்த கட்டிகளை அப்படியொரு தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். 1958-இல் லான்செட் இதழில் அவர் குழுவினர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் தொடங்குகிறது. அதற்கு முன் பிள்ளை தலைகீழாக இருக்கிறதா, இரட்டையா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். அது பிள்ளைகளுக்குப் பின்னால் புற்றுநோய் தரக்கூடும் என்று ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956-இல் எச்சரித்தார். இன்றும் எங்கள் தெருவில் "ஸ்கேன் எடுத்தா கதிர் பாயும்" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேனில் கதிர் கிடையாது. காதுக்கு எட்டாத சத்தம் மட்டும்தான். ஆனாலும் பொழுதுபோக்குக்காக எடுக்கும் விஷயம் இல்லை, தேவைக்கு மட்டும், தெரிந்தவர் கையால்.

எனக்குப் பேறுகாலம் வந்த நாளில் திருநெல்வேலியில் ஸ்கேன் வந்திருக்கிறது என்று பேச்சுதான். நாசரேத்தில் மிஷன் ஆஸ்பத்திரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு, பெரிய சிக்கல் என்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. மற்றபடி நர்சம்மா ஒரு குழலை வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அறையில் யாரும் மூச்சு விடக் கூடாது. "இருக்கு" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக ஐந்தாம் மாதம் வரை காத்திருக்க வேண்டும், அதற்கு முன் குழலில் கேட்காது. அந்த ஐந்து மாதமும் நம்பிக்கையில்தான் ஓடியது. அண்ணன் கேட்ட கேள்விக்கு அப்போதே நான் பதில் சொல்லியிருக்கலாம்: நாம் பெற்றோம், பெறாமல் போனவர்களும் நம் தெருவில்தான் இருந்தார்கள்.

தண்ணீர் வடிந்து, ரோட்டில் வண்டி ஓடத் தொடங்கியதும் புறப்பட்டோம். ரயில் பாதையில் ஜல்லி அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதை வழியில் பார்த்தோம். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் வண்டி ஓட்டினார். அவருக்கு இந்த ஸ்கேனில் விருப்பம் இல்லை. "எது வந்தாலும் நம்ம பிள்ளைதான். தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்?" என்பது அவர் கட்சி. "எது வந்தாலும் நம்ம பிள்ளைதான். அதுனாலதான் எனக்கு முன்னாடியே தெரியணும்" என்பது அவள் கட்சி. இரண்டு பேர் பேச்சிலும் பிள்ளை மேல் பிரியம்தான் இருந்தது. இந்தப் பேச்சு ஸ்கேன் அறைக்குப் போகும் முன்பே நடந்தது நல்லதாயிற்று. பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் நினைத்துப் போகிறவர்கள், ஒரு எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நடுவழியில் உடைந்துபோகிறார்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஸ்கேன் சென்டர் வாசலில் பெரிய போர்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் குற்றம். 1994-இல் வந்த சட்டம். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு படிவம் நிரப்பி, பாலினம் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று கையெழுத்து வாங்குகிறார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் அந்தத் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டாள். உசிலம்பட்டி, சேலம் என்று பெண் சிசுக்களின் கதை பத்திரிகையில் வந்த காலத்தில் வளர்ந்தவள் நான். சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிவந்த மாநிலம் இது. அந்தக் கையெழுத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

உள்ளே முதலில் கேள்விகள். வயசு? முப்பத்து நாலு. சொந்தத்தில் கல்யாணமா? இல்லை. இதற்கு முன் கலைந்திருக்கிறதா? சர்க்கரை, தைராய்டு? பிறகு எடை, இரண்டு கையிலும் பிரஷர். அப்போது டாக்டர் இன்னொரு கேள்வி கேட்டார். அதைப் பிறகு சொல்கிறேன், அதுதான் எங்கள் வீட்டையே திருப்பிப் போட்டது.

படுக்கவைத்து வயிற்றில் ஜெல் தடவினார்கள். சில்லென்று இருந்தது என்றாள். சிலருக்கு மேலிருந்து சரியாகத் தெரியாமல் உள்வழியாகவும் பார்க்க வேண்டிவரும் என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்டார் டாக்டர். அப்படிக் கேட்பதை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க வேண்டும், கேட்காவிட்டால் நாமே கேட்கலாம். திரையில் முதலில் கரும்புள்ளிகளும் வெள்ளைப் புகையும்தான். பிறகு ஒரு நொடியில் ஒரு பிள்ளை மல்லாந்து கிடந்தது. நெற்றி, மூக்கு, வாய், மோவாய் என்று பக்கவாட்டு முகம். நெஞ்சில் விட்டுவிட்டு மின்னும் புள்ளி. நிமிடத்துக்கு 150-ஐ ஒட்டித் துடிப்பு. நமக்கு இருப்பதுபோல் இரண்டு மடங்கு. டாக்டர் சத்தத்தைத் திறந்துவிட்டதும் மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார்.

நீளம் 74 மில்லிமீட்டர். பதின்மூன்று வாரம் சொச்சம். ஆச்சி கணக்கும் அதைத்தான் சொல்லியிருக்கும். வாசல் மூட இன்னும் சில நாள் இருந்தது.

அதன்பிறகு வேகம் குறைந்தது. மண்டை எலும்பு மூடியிருக்கிறதா, மூளை இரண்டு பாதியாகப் பிரிந்து வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி தெரிகிறதா, இரண்டு கை, இரண்டு கால், வயிற்றுச் சுவர், இரைப்பை, மூத்திரப்பை. மண்டை எலும்பு உருவாகாத பெருங்குறை போன்றவை இந்த ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். இதயம், முதுகுத்தண்டு, சிறுநீரகம் இவற்றையெல்லாம் நிறுத்தி நிதானமாகப் பார்ப்பது பதினெட்டு இருபது வாரத்து ஸ்கேனில்தான். இரட்டைப் பிள்ளை என்றால் இரண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடியா, தனித்தனியா என்பதையும் இந்த வாரங்களில்தான் தெளிவாகச் சொல்ல முடியும். அதை வைத்துத்தான் அடுத்த ஆறு மாதத்தின் கவனிப்பே அமைகிறது.

கழுத்து நீரை அளக்கப் போனபோது பிள்ளை திரும்பிப் படுத்துக்கொண்டது. மோவாயை நெஞ்சில் அழுத்தினாலும் தப்பு, தலையை மல்லாக்கப் போட்டாலும் தப்பு. நிமிராமலும் குனியாமலும் இருக்கும்போது அளந்தால்தான் கணக்கு. "வெளிய போய் கொஞ்சம் நடங்க, எதாவது சாப்பிட்டு வாங்க" என்றார். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, பல பேருக்கு இப்படி நடக்கும். நாங்கள் காரிடாரில் நடந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நடையில்தான் எனக்கு உடையநங்கை நினைவுக்கு வந்தாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவள் நம்மாழ்வாரைப் பெற்றவள். காரியாரின் மனைவி. திருக்குறுங்குடி நம்பியிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை. பிறந்தது. அழவில்லை. பால் குடிக்கவில்லை. கண் திறக்கவில்லை. பிறக்கும் பிள்ளைகளைத் தொட்டு எல்லாவற்றையும் மறக்கடிக்கும் சடம் என்ற வாயுவை அந்தப் பிள்ளை விரட்டிவிட்டது, அதனால் சடகோபன் என்பது குருபரம்பரைக் கதை. பன்னிரண்டாம் நாள் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் விட்டார்கள். பதினாறு வருஷம் அங்கேயே இருந்தது. பிறகு திருக்கோளூரிலிருந்து போன மதுரகவி வடக்கே அயோத்தியிலிருந்து ஒளியைப் பின்பற்றி வந்து, காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு கல்லைப் போட்டாராம். அந்தப் புளியமரத்தை இன்றும் உறங்காப்புளி என்கிறோம், ராத்திரியில் இலை மூடாது என்பார்கள்.

இந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. பால் கட்டிக்கொண்டு, வாய் திறக்காத பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு தாய் அந்தப் பன்னிரண்டு ராத்திரியும் என்ன நினைத்திருப்பாள்? ஊர் என்ன சொல்லியிருக்கும்? பிள்ளை தெய்வமானது பதினாறு வருஷத்துக்குப் பிறகு. அதற்கு முன் அது பேசாத பிள்ளை, அவள் அதைப் பெற்றவள்.

எங்கள் தெருவிலும் ஒரு பையன் இருந்தான். கொஞ்சம் சாய்ந்த கண், தட்டையான மூக்கு, குட்டைக் கழுத்து, எல்லோரிடமும் ஓடிவரும் சிரிப்பு. வைகாசி விசாகத் திருவிழாவில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது கருடன் மேல் வரும்போது, ஒவ்வொரு கருடனுக்கும் முன்னால் ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுவான். அவனுக்கு வழிவிட்டுத்தான் கூட்டம் நகரும். அவன் அம்மா கிரகணத்தில் வெளியே வந்தாள், அதுதான் இப்படி என்று அவள் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் அதை நம்பினாள். இருபத்தோராம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதுதான் காரணம் என்று ஜெரோம் லெஜன் குழுவினர் பாரிஸில் 1959-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பையன் பிறந்தது அதற்கு வெகுகாலம் பிறகு. கிரகணமும் இல்லை, சொந்தத்தில் கட்டியதும் இல்லை, எந்தப் பாவமும் இல்லை, பெரும்பாலும் கருமுட்டை பிரியும்போது நேரும் ஒரு பிசகு, யாருக்கும் நேரலாம், தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. பொய்யான ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டே அவள் அவனை வளர்த்தாள், அருமையாக வளர்த்தாள்.

லாங்டன் டவுன் என்ற ஆங்கில டாக்டர் 1866-இல் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது, தோல் உடம்புக்குப் பெரிதாக இருப்பதுபோல் தெரிகிறது என்று குறித்திருந்தார். நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, சைப்ரஸில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த கிப்ரோஸ் நிக்கோலாய்டஸ், அந்தத் தோல் தொளதொளப்பைக் கருவிலேயே கழுத்து நீராக அளக்கலாம் என்று 1992-இல் காட்டினார். நான் திரையில் பார்த்த மெல்லிய கருங்கோடு அதுதான்.

திரும்பப் போனபோது பிள்ளை ஒத்துழைத்தது. 2.4 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு அது சரிதான். மூக்கெலும்பு தெரிந்தது. அவள் கையிலிருந்து ரத்தமும் எடுத்தார்கள். டபுள் மார்க்கர் என்று சொல்கிறார்கள், நஞ்சுக்கொடி சுரக்கும் இரண்டு பொருள்களை அளக்கும் சோதனை. வயது, ஸ்கேன், ரத்தம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு எண் வரும். டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறை இந்தக் கூட்டுச் சோதனை பிடித்துவிடும். மீதிப் பத்து நழுவிவிடும். ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளைச் சுமந்திருக்கும் நூறு பேரில் ஐந்து பேரையும் அது வீணாகப் பயமுறுத்தும். இந்த இரண்டையும் ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிட்டால் பாதி அழுகை மிச்சம்.

எங்களுக்கு எண் சில நாளில் வந்தது. 180-இல் 1. பக்கத்தில் சிவப்பு எழுத்து. 250-இல் 1 என்பது எல்லைக்கோடு, அதைவிட நெருங்கினால் சிவப்பு.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அண்ணன், "அப்பவே சொன்னேன்லா" என்று ஆரம்பித்தான். அவள் அம்மா, என் மைனி, அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டான். மாப்பிள்ளைதான் ஒரு தாளில் நூற்றெண்பது கோடு போட்டு, ஒன்றை மட்டும் சுழித்து அவள் முன்னால் வைத்தார். இதே எண் வந்த நூற்றெண்பது பேரில் நூற்றெழுபத்தொன்பது பேர் பிள்ளைக்கு அது இல்லை. ஸ்கேன் வேண்டாம் என்று சொன்னவர் அதை அவளுக்குப் புரியவைத்தார்.

அதற்குமேல் என்ன செய்வது என்பதில் மூன்று வழி உண்டு என்றார் டாக்டர். ஒன்றும் செய்யாமல் இருப்பது, அதுவும் ஒரு முடிவுதான். தாயின் ரத்தத்திலேயே மிதக்கும் நஞ்சுக்கொடியின் மரபணுத் துணுக்குகளைப் பார்ப்பது, டென்னிஸ் லோ 1997-இல் ஹாங்காங்கிலிருந்து வெளியிட்ட கண்டுபிடிப்பிலிருந்து வந்த சோதனை அது. டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை பிடிக்கும், ஆனாலும் அதுவும் வடிகட்டல்தான். உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் நஞ்சுக்கொடித் துணுக்கையோ, பதினைந்து வாரத்துக்கு மேல் பனிக்குட நீரையோ ஊசியில் எடுக்க வேண்டும். அதில் கரு கலையும் வாய்ப்பு சிறிது உண்டு. தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது பெற்றவர்கள் முடிவு. 2021-இல் திருத்திய சட்டத்தின்படி இருபது வாரம் வரை ஒரு டாக்டர் கருத்தும், இருபத்துநாலு வாரம் வரை குறிப்பிட்ட சில பெண்களுக்கு இரண்டு டாக்டர்கள் கருத்தும் போதும், கருவில் பெருங்குறை என்று மருத்துவக் குழு சொன்னால் அந்த வரம்பும் இல்லை. சட்டம் வழி விட்டிருக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. பிள்ளையைப் பெற்று வளர்ப்போம் என்று முடிவு செய்கிறவர்களுக்கும் இந்த ஸ்கேனால் பயன் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். எங்கே பிரசவம் பார்ப்பது, யார் கையில் பார்ப்பது என்று முன்பே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அவள் இரண்டாவது வழியான அந்த ரத்தச் சோதனை போதும் என்றாள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த நாள்களில் அவள் கோயிலுக்கு வந்தாள், புளியமரத்தைச் சுற்றினாள். வேண்டிக்கொண்டது என்ன என்று நான் கேட்கவில்லை. வாய்ப்பு மிகக் குறைவு என்றுதான் முடிவு வந்தது. அப்படி வராமல் போயிருந்தாலும் நான் இதே கட்டுரையை எழுதியிருப்பேன்.

இப்போது அந்த இன்னொரு கேள்வி. பிரஷர் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார்: "உங்க அம்மாவுக்குப் பேறுகாலத்துல பிரஷர் இருந்துதா? ஃபிட்ஸ் மாதிரி எதுவும் வந்துதா?"

"இல்லை" என்றாள் அவள் உடனே.

"இருந்துது" என்றேன் நான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்துநாலு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது. அவள் பிறந்த அன்றைக்கு, கால் வீங்கி, முகம் வீங்கி, தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்த மைனிக்குத் திடீரென்று கண் செருகிக் கைகால் இழுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் பேறுகால ஜன்னி என்பார்கள். சிலர் சாமி வந்திருக்கிறது என்றார்கள். ஆச்சிதான் சத்தம் போட்டு வாடகைக் காருக்கு ஆளனுப்பினாள். பிழைத்தது மறுபிழைப்பு. பிறகு அதைப் பேசினால் மறுபடி வரும் என்ற பயத்தில் எல்லோரும் மூடிவிட்டோம். மைனிக்கும் அந்த நாளில் பாதி நினைவில் இல்லை.

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு, ஸ்கேனின்போது மறுபடி அதற்கு வந்தார். கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்களிலும் ஓட்டம் எப்படி இருக்கிறது என்று அளந்தார். எதிர்ப்பு கூடுதலாக இருக்கிறது என்றார். தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு கூடும், தலைச்சன் பிள்ளை, ரத்தச் சோதனையில் ஒரு பொருள் குறைந்திருந்தால் அதுவும் அதே திசையில் காட்டும் என்று விளக்கினார். இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், முப்பத்தாறு வாரம் வரை. பதினாறு வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் பலன். 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே என்ற ஆய்வில், வாய்ப்பு கூடுதலாக இருந்த பெண்களுக்கு இப்படிக் கொடுத்தபோது, முப்பத்தேழு வாரத்துக்கு முன்பே வரும் பிரஷர் நோய் அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. யாரும் தானாக வாங்கிப் போடும் மாத்திரை இல்லை இது, கணக்குப் பார்த்து டாக்டர் எழுத வேண்டியது.

குரோமோசோமைப் பற்றித்தான் நாங்கள் அத்தனை நாள் பயந்துகொண்டிருந்தோம். எங்கள் குடும்பத்தில் உண்மையாகவே ஒருத்தியின் உயிரை வாசல்வரை கொண்டுபோனது வேறொன்று. அதைப் பார்க்கவும் இதே அரை மணி நேரம்தான். ஆனால் எங்கள் தெருவில் ஸ்கேன் எடுத்து வந்த பெண்களில் ஒருத்தியும், தன் அம்மாவின் பிரஷரைப் பற்றிக் கேட்டார்கள் என்று சொன்னதில்லை. கேட்காத இடத்தில் நாமே சொல்ல வேண்டும். அதற்கு வீட்டில் முதலில் ஒருவருக்கொருவர் சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்கேன் எடுத்த அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மைனியிடம் சொன்னேன். அவள் அடுக்களையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "எனக்குக் கண்ணு ரெண்டு நாளாவே மங்கலாத்தான் இருந்துது மக்களே. பூச்சி பறக்க மாதிரி. மேல்வயிறு வலிச்சுது. வாயுன்னு சொல்லிச் சுக்கு வெந்நி குடிச்சேன்" என்று ஆரம்பித்தாள். அவள் தன் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"தலைவலி, கண் மங்கல், மேல்வயித்து வலி, முகம் வீங்குறது. இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரி பகல் பார்க்காம வரச் சொன்னாவ" என்றேன்.

"திரும்பச் சொல்லுங்க" என்றாள் மைனி. சொன்னேன். அடுத்த வீட்டு மருமகளும் ரெண்டு மாசமாக முழுகாமல் இருக்கிறாள், இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவள் அம்மாவிடம் போனில் இதைக் கேட்கச் சொல்ல வேண்டும் என்று எழுந்து போனாள்.